பாத்திரத்தில் வெட்டிய பேர்

பரணில் கிடக்கும் பித்தளைத் தவலை ஒன்றின் கழுத்தடியில் "சொ.மீ. 4-9-61" என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய சாமான் எடுக்கும் வண்டிக்காரர் கண்ணுக்கு அது இத்தனை கிலோ பித்தளை. படிக்கத் தெரிந்தவருக்கு அதில் ஒரு கல்யாணமே இருக்கிறது. மீ என்பது பெண். சொ என்பது அவளுடைய அப்பா, ஆகவே பேர் வெட்டியது பிறந்த வீட்டில். 1961 செப்டம்பர் 4 ஆவணி மாதத்தில் வருகிறது. ஆவணி கல்யாண மாதம். புள்ளிகளாக இருப்பதால் மின்கருவி வருவதற்கு முன் சிற்றுளியும் சுத்தியும் வைத்து ஒருவர் உட்கார்ந்து கையால் வெட்டியது.

நிலம், வீடு, கடை எல்லாம் ஆண்கள் பேரில் பத்திரமான காலம் அது. ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் விட்டால், நம் பாட்டிமார் பலருக்குத் தங்கள் பேர் எழுத்தில் பதிந்திருந்த இடம் பாத்திரம்தான். சேலை நைந்துபோகும். நகை அழித்துச் செய்யப்படும், அடகுக்குப் போகும், மகள்களுக்குப் பிரியும். அதில் பேரும் இருக்காது. குடமும் அண்டாவும் மட்டும் யார் கொண்டுவந்தது என்று நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கும். ஒருவருடைய உடைமை அவரைப் பற்றி என்ன சொல்லும் என்ற கேள்விக்குத் தமிழ் வீடுகளில் இவ்வளவு நேராகப் பதில் சொல்லும் பொருள் வேறில்லை.

இந்தப் பழக்கம் சீர்வரிசையோடு பிறந்ததன்று. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் "ஆதன்", "குவிரன் ஆதன்" என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஆட்பேர்கள் உள்ளன. பானை ஈரமாக இருக்கும்போது எழுதினால் கோட்டின் இரு கரையிலும் மண் ஒதுங்கி மேடுகட்டும்; சுட்ட பிறகு கீறினால் ஓரம் பொடிந்து சொரசொரப்பாக இருக்கும். முதலாவது குயவர் கையில் இருக்கும்போதே நடந்தது. இரண்டாவது பெரும்பாலும் பானையை வாங்கிப் போனவர் செய்தது. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஒரு சாடி ஓட்டில் "பானை ஒறி" என்று இருக்கிறது. உறியில் தொங்கவிடும் பானை என்று பொருள். தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் கிடைத்த தங்கத்தை உரசி மாற்றுப் பார்க்கும் சின்னஞ்சிறு உரைகல்லில் "பெரும்பதன் கல்" என்று வெட்டியிருக்கிறது. கடல் தாண்டிப் பிழைக்கப் போன பொற்கொல்லர் தன் தொழில் கருவியில் இது என்னுடையது என்று எழுதிவைத்தது பதினைந்து நூற்றாண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது. அவரைப் பற்றி வேறு ஒரு செய்தியும் நமக்கு இல்லை.

வீட்டுப் பாத்திரத்துக்குப் பேர் ஏன் தேவைப்பட்டது என்றால், பாத்திரம் வீட்டோடு இருக்கவில்லை. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குத் தெருவே அண்டாவும் குண்டாவும் கொடுத்தது. சமைத்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுத் துலக்கினார்கள். அவசரத்துக்கு அடகு வைத்தது, திருவிழாவுக்குக் கோயிலுக்குக் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்குக் குழம்போடு போன கிண்ணம் என்று பாத்திரம் ஊரைச் சுற்றியது. கையால் தட்டிச் செய்த பித்தளையில் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. நெளிவையும் ஒட்டையும் வைத்தே நம்முடையது எது என்று சொல்லிவிடலாம். 1950களுக்குப் பிறகு எவர்சில்வர் வந்தபோது அந்த வழி அடைபட்டது. அச்சில் அழுத்தி எடுத்த நூறு டம்ளரும் ஒன்றுபோலவே இருக்கும். எவர்சில்வர் பரவியபோதுதான் பேர் வெட்டுவதும் பாத்திரக்கடையின் அன்றாட வேலையானது. வாங்கிய இடத்திலேயே, "பேர் என்ன, இனிஷியல் என்ன" என்று கேட்டு, அதிரும் ஊசியால் கிறுகிறுவென்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எழுத்தைப் படிப்பது

எங்கே தேடுவது என்பது முதல் வேலை. குடம், தவலை, சொம்பு என்றால் கழுத்துக்கு ஒட்டியோ தோளிலோ இருக்கும். அண்டாவில் வாய் விளிம்பின் மேல்மடிப்பில். தட்டில் விளிம்பின் அடிப்பக்கம் அல்லது பின்புறம் நடுவில். டம்ளரிலும் டவராவிலும் வெளிப்பக்கம் விளிம்புக்கு ஒரு விரல் கீழே. அடுக்கு டிபன் கேரியரில் ஒவ்வொரு கிண்ணத்திலும் மூடியிலும் தனித்தனியாக இருக்கும். ஒரு கிண்ணத்தில் மட்டும் வேறு பேர் என்றால் எங்கோ ஒரு விருந்தில் மாறிப்போயிருக்கிறது.

கரி ஏறிய பாத்திரத்தைக் கண்டதும் தேய்க்க உட்கார வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி எடுத்து, இருட்டறையில் வைத்து, டார்ச்சை உலோகப் பரப்போடு ஒட்டினாற்போல் மிகத் தாழ்வாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மறையும் பள்ளம், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். டார்ச்சை நான்கு பக்கமும் நகர்த்திப் பார்க்க வேண்டும்; செங்குத்துக் கோடுகள் ஒரு திசையிலும் படுக்கைக் கோடுகள் இன்னொரு திசையிலும்தான் தெளியும். அப்படியும் தெரியாவிட்டால் கொஞ்சம் திருநீறோ முகப்பவுடரோ எடுத்து எழுத்தின் மேல் தேய்த்து, உலர்ந்த துணியால் மேலோட்டமாகத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கிவிடும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்து 4பி அல்லது 6பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தும் படி எடுக்கலாம். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத்தாளை அடித்து மை ஒற்றி எடுக்கும் படிக்கு இது வீட்டு அளவிலான வழி. தாள் வழுக்கினால் எழுத்து இரட்டையாகும். இரண்டு ஓரமும் ஒட்டுநாடா போட்டுக்கொள்ளுங்கள்.

இனி முதலெழுத்து. பெண் பேருக்கு முன் அப்பாவின் எழுத்து இருந்தால் சீராக வந்தது, கணவரின் எழுத்து இருந்தால் புகுந்த வீட்டில் வாங்கியது என்பது பொதுவான கணக்கு. இதில் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. நாள் குறித்த பிறகு கடைக்குப் போன சில வீட்டார், இனி அவள் அந்த வீட்டுப் பெண் என்று, சீர்ப் பாத்திரத்திலேயே மாப்பிள்ளையின் எழுத்தைப் போட்டுவிட்டார்கள். ஆகவே எழுத்தைத் தனியாக வைத்து முடிவு சொல்லக் கூடாது. தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேதி ஆடியிலோ புரட்டாசியிலோ மார்கழியிலோ விழுந்தால் பெரும்பாலும் கல்யாணச் சீர் இல்லை. தலை ஆடிச் சீரோ, விளைச்சல் பணத்தில் வாங்கியதோ, வேறு விசேஷமோ ஆக இருக்கலாம்.

கொடுத்தவர் பேரா, பெற்றவர் பேரா என்பதிலும் குழப்பம் வரும். பேருக்குப் பின் "அன்பளிப்பு" என்று இருந்தால் கொடுத்தவர். வெறும் பேர் என்றால் உடையவர். மொய்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பேர் இருப்பதற்குக் காரணம் உண்டு: அது திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. நோட்டில் எழுதிய மொய் ஒருபுறம் இருக்க, அடுக்களையில் தினமும் கண்ணில் படும் குத்துப்போணி "இவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் செய்ய வேண்டும்" என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். "உபயம்" என்று இருந்தால் அது கோயில் பாத்திரம். வீட்டில் கிடந்தால் கோயிலுக்குத் திருப்பிக் கொடுப்பதே முறை.

செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பாத்திரங்களில் ஒற்றை இனிஷியல் போதாது. இரண்டு, மூன்று எழுத்துகள் வரிசையாக நிற்கும். முன்னோர் பேர்களின் முதலெழுத்தால் ஆன அந்த வரிசைக்கு விலாசம் என்று பேர். கடைப் பலகையிலும் கணக்கேட்டிலும் இருந்த அதே விலாசம் அண்டாவிலும் இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இத்தகைய விலாசம் வெட்டிய பாத்திரங்களைக் காணலாம். விலாசம் தெரிந்தவர் வீட்டையே சொல்லிவிடுவார்.

வருஷம் எண்ணில் இல்லாமல் தமிழ்ப் பேரில் இருந்தால் அறுபதாண்டுச் சுற்றை வைத்துக் கணக்கிட வேண்டும். பிரபவ வருஷம் 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரலில் பிறந்தது. தாது வரிசையில் பத்தாவது. ஆகவே "தாது வருஷம் தை மாதம்" என்றால் 1877, 1937, 1997 ஆகிய மூன்றில் ஒரு ஜனவரி அல்லது பிப்ரவரி. தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்றில் எது என்பதை உலோகம் சொல்லும்: எவர்சில்வர் என்றால் 1997. பித்தளை என்றால் 1937க்கு வாய்ப்பு மிகுதி. 1877 பெரும்பஞ்சத்தின் நடுவே வந்த தை. அந்த ஆண்டு பாத்திரம் விற்றவர்கள்தான் மிகுதி.

எழுத்து வடிவமும் காலம் காட்டும், ஆனால் எச்சரிக்கை தேவை. 1978இல் தமிழ்நாடு அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றி ஆணையிட்டது. மேலே தும்பிக்கை போல் வளைந்த பழைய லை, னை இருந்தால் 1978க்கு முந்தையது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். கை பழகிய பேர்வெட்டிகள் அதற்குப் பிறகும் நெடுநாள் பழைய வடிவத்திலேயே வெட்டினார்கள். மறுபுறம், பெரியார் 1935இலிருந்தே குடியரசு இதழில் சீர்திருத்த வடிவத்தைப் பயன்படுத்தினார். 1978க்கு முந்தைய தேதியோடு புதிய லை இருந்தால், அந்த வீட்டுக்கும் சுயமரியாதை இயக்கத்துக்கும் தொடர்பு இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பேருக்குக் கீழே இன்னொரு பேர் இருந்தால் அம்மா மகளுக்குக் கொடுத்தது. ஒரே மாதிரி இரண்டு அண்டாக்களில் ஒரே பழைய பேர், கீழே வெவ்வேறு ஆண் இனிஷியல் என்றால் பாகப்பிரிவினை. பழைய பேரின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்திருந்தால் கைமாறிய பாத்திரம். அடகில் மூழ்கியதாகவும் இருக்கலாம். அடித்த பேரையும் டார்ச் வெளிச்சத்தில் பெரும்பாலும் படித்துவிடலாம்.

உலோகம், ஈயம், துலக்கல்

எந்த உலோகம் என்று தெரியாமல் துலக்கத் தொடங்கினால் எழுத்து போய்விடும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செம்பு 60 முதல் 70 விழுக்காடு வரை இருக்கும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, வார்த்துச் செய்வது, கனம் மிகுதி. விரல் மடக்கித் தட்டினால் பித்தளை சட்டென்று அடங்கும். வெண்கலம் நீண்டு முழங்கும். வெண்கலக் குரல் என்று சொல்வது இதனால்தான். கீழே போட்டால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரியும். காந்தம் இரண்டிலும் ஒட்டாது. ஒட்டினால் இரும்பின் மேல் பூச்சு. எவர்சில்வரில் 304 என்ற நல்ல வகை, குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு கலந்தது, காந்தத்தில் பெரும்பாலும் ஒட்டாது. மாங்கனீசு கலந்த மலிவான 202 வகையும் ஒட்டாது என்பதால் காந்தத்தை மட்டும் நம்பி 304 என்று சொல்லிவிட முடியாது.

பித்தளைக்குப் புளி நல்லது என்று ஊறவைத்துவிட்டு மறந்துபோவதுதான் மிகுதியாக நடக்கும் தவறு. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, பருத்தித் துணியால் தடவி, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கழுவிவிட வேண்டும். நெடுநேரம் அமிலம் பட்டால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் இளஞ்சிவப்புத் திட்டாக நிற்கும். அது துலக்கினாலும் போகாது. உப்பு சேர்த்தால் பளபளப்பு விரைவில் வரும், ஆனால் எழுத்துப் பள்ளங்களில் உப்பு தங்கிப் பச்சைக் களிம்பு பூக்கும். கழுவியதும் பழைய பல்துலக்கி நாரால் பள்ளங்களை அலசி, உடனே துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். இரும்பு நாரும் ஆற்றுமணலும் எழுத்துக்குப் பகை. கடையில் கொடுத்து மெஷின் பாலிஷ் போடுவது அதைவிடக் கேடு. புள்ளி வெட்டின் ஆழம் மிகக் குறைவு. சுழலும் பஞ்சுச் சக்கரம் ஒரே தடவையில் மேல்தோலைத் தேய்த்து எழுத்தை மழுக்கிவிடும். பாலிஷ் போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் படி எடுங்கள், எழுத்து இருக்கும் இடத்தைக் காட்டி, அங்கே கையால் துடைக்கச் சொல்லுங்கள்.

பழைய பித்தளையில் மறுபடி சமைக்க நினைப்பவர்கள் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சு இல்லாத பித்தளையில் புளிக்குழம்போ மோரோ நின்றால் செம்பு கரைந்து களிம்பேறும். வாந்தியும் வயிற்றுவலியும் வரும். ஈயம் பூசுபவர் முதலில் உட்புறத்தைச் சுரண்டித் தேய்த்து, கரி நெருப்பில் காட்டி, நவச்சாரப் பொடி தூவுவார். வெண்புகை எழும். உலோகத்தின் மேலிருக்கும் துருப்படலத்தை அது நீக்கும். பிறகு வெள்ளீயத் துண்டைத் தேய்த்து, உருகியதும் பஞ்சால் சுற்றி இழுப்பார். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஆகவே பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவைத்தால் பூச்சு வழியும். ரச ஈயச்சொம்பு அப்படியே உருகி ஒழுகுவதும் இதனால்தான்: முதலில் தண்ணீர், பிறகு தீ. காரீயம் கலந்த மட்டமான ஈயம் நஞ்சு. வெள்ளைத்தாளில் தேய்த்தால் கருஞ்சாம்பல் கோடு விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் அந்தச் சொம்பில் சமைக்காதீர்கள். பேர் வெளிப்பக்கம் இருப்பதால் பூச்சு அதைத் தொடாது. ஆனால் பூசுவதற்கு முன் ஊற்றும் அமிலமும் மணலும் தொடும்.

பேரும் உரிமையும்

சீர்ப் பாத்திரத்தை நினைவுப் பொருள் என்று மட்டும் பேசுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். பேர் வெட்டிய தட்டுகளில் பல, கேட்டு வாங்கப்பட்டவை. கடன் வாங்கி அண்டா நிரப்பிய அப்பாக்கள் உண்டு. பட்டியலில் ஒரு குடம் குறைந்ததற்காகப் பல ஆண்டு பேச்சுக் கேட்ட பெண்கள் உண்டு. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்காமல் விரும்பிக் கொடுக்கும் அன்பளிப்புக்கும் 1985இல் விதிகள் வந்தன: பொருளின் சுருக்க விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பேர், அவருக்கு என்ன உறவு என்று பட்டியல் எழுதி, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியலை எழுதும் வீடுகள் அரிது. எழுதாத வீட்டில், பிரிவு என்று வரும் நாளில், பாத்திரத்தில் வெட்டிய பேரும் கடை ரசீதும் கல்யாணப் படங்களும்தான் அவளுக்குத் துணை. சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து, கணவர் வீட்டார் வைத்துக்கொண்டு தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இவ்வளவும் தாங்கிய பாத்திரங்கள் எவர்சில்வர் மோகத்தில் எடைக்குப் போயின. இரண்டு பித்தளைக் குடத்துக்கு நான்கு புதுத் தூக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். பித்தளை கனம், துலக்கக் கை வலிக்கும், ஈயம் பூச ஆள் வருவதில்லை. அந்தப் பெண்களின் முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உருக்கப் போகும் முன் யாரும் பேர்களை எழுதிவைக்கவில்லை என்பதுதான் இழப்பு.

இப்போது மிஞ்சியிருப்பதை எழுதிவைக்க ஒரு நோட்டு போதும். பாத்திரத்தின் பேர் (வீட்டில் சொல்லும் பேர்: உங்கள் வீட்டில் போணி என்றால் போணி), உலோகம், சமையலறைத் தராசில் எடை, உயரம், வாயகலம், வெட்டிய எழுத்து, அது இருக்கும் இடம், இன்று யாரிடம் இருக்கிறது. எழுத்தைப் பார்த்தபடியே எழுதுங்கள். "கலியானம்" என்று வெட்டியிருந்தால் "கல்யாணம்" என்று திருத்தக் கூடாது. அது வெட்டியவரின் காதில் விழுந்த சொல். பழைய சீர்ப் பட்டியல் தாள் கிடைத்தால் எடை வீசையில் இருக்கலாம்: ஒரு வீசை 40 பலம், ஏறத்தாழ 1.4 கிலோ. மூன்று வீசைத் தவலை என்று தாளில் இருந்து, தராசில் 4.1 கிலோ காட்டினால், அநேகமாக அதே தவலைதான். பெரியவர்களிடம் கேட்கும்போது பட்டியலை வாசிக்காமல் பாத்திரத்தையே மடியில் கொடுத்துக் கேளுங்கள். கை பட்டதும் வரும் நினைவு வாய்க்கேள்விக்கு வருவதில்லை.

புதிதாகப் பேர் வெட்டுபவர்களுக்கு ஒன்று. இன்றைய லேசர் எழுத்து அழகாக இருக்கும். ஆனால் பல கடைகளில் அது மேல்பரப்பின் நிறத்தை மட்டும் மாற்றும், பள்ளம் விழாது, சில ஆண்டு தேய்ப்பில் மங்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். தட்டுப்படாவிட்டால் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், அல்லது அதிரும் ஊசிக்குப் போங்கள். டம்ளர் விளிம்பில் வெட்டினால் உதட்டில் பிசிறு உரசும். அடிக்குச் சற்று மேலே வெட்டுவது நல்லது. ஒற்றை எழுத்தைத் தவிர்த்து முழுப்பேர், அம்மா அப்பா இருவரின் முதலெழுத்து, ஊர், ஆண்டு நான்கு இலக்கத்தில். பாட்டியின் குடத்தைப் பேத்திக்குக் கொடுப்பதாக இருந்தால் பழைய பேரைத் தொடாமல், அதற்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டுப் புதுப் பேர். அடுத்து வருபவளுக்கும் கீழே இடம் இருக்க வேண்டும்.